நாற்பதுக்கு மேல் நீச்சல்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நம்மவர் அடிக்கடி எடுத்தாளுவர். பிள்ளைகளைப் பழக்கவேண்டிய காலத்திலேயே பழக்குக எனப் பெற்றோருக்கு அறிவுறுத்த எழுந்த மொழி அது. நாற்பதைக் கடந்தவர்களோ அதனைப் புதிதாக எதையும் கல்லாதிருப்பதற்கு ஒரு சாட்டாக வைத்திருக்கின்றனர். நாமும் அவ்வாறே இருந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், கடற்கரை ஒன்றில் நேர்ந்த சம்பவம் அந்தச் சாட்டை எம்மிடமிருந்து பறித்துவிட்டது. அச்சம்பவத்தையும் அதன்பின் நாம் கற்ற பாடத்தையும் இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கல்லூரி மாணவர் முப்பது பேருடன் சுற்றுலா சென்றிருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த மாணவருள் ஒருவன் சிறிது சிறிதாக அப்பாற் சென்று, கால் எட்டாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டான். அவன் கூக்குரலிடவில்லை. நீரில் அமிழ்பவர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. மூச்சு வாங்குவதற்கே வாய் போதாதிருக்கும்போது குரல் எங்கிருந்து வரும்? தலை மறைவதும் தோன்றுவதுமாக இருந்ததைக் கண்டு, உடுத்த உடையோடு நாம் பாய்ந்தோம். பதினைந்து யார் தூரம் சென்றிருப்போம், மார்பு அடைத்தது, கைகள் கல்லாய்க் கனத்தன, கால்கள் கீழ்நோக்கி இழுத்தன. மாணவனைக் காக்கச் சென்ற நாம், எம்மைக் காத்துக்கொள்ளக் கரை திரும்பவேண்டியதாயிற்று. அவ்வழியே வள்ளத்தில் வந்த மீனவர் ஒருவர் அப்பையனின் தலைமயிரைப் பற்றித் தூக்கி வள்ளத்திற் போட்டார். அவர் அன்று வந்திராவிடில் இக்கட்டுரையை எழுதும் மனம் எமக்கு இருந்திராது.

நீந்தத் தெரியாமலா பாய்ந்தீர்கள் என்று வாசகர் கேட்கலாம். தெரியும் என்றே நாம் எண்ணியிருந்தோம். சிறுவயதில் வாழைக்குற்றியை அணைத்தபடி கேணியில் மிதந்து, பின்னர் குற்றியை விட்டுவிட்டுக் கைகால்களை அடித்துப் படிக்கட்டை எட்டிப்பிடித்துப் பழகியவர்கள் நாம். நம் கிராமங்களில் வளர்ந்த பலருடைய நீச்சலும் இத்தகையதே. தலையை நீருக்கு மேலே நிமிர்த்திவைத்து, கைகளை அறைந்து, கால்களை உதைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு யார் செல்வோம். கேணியின் அகலம் அவ்வளவுதான். ஆகையால் எமது நீச்சலின் குறை முப்பதாண்டுகளாக எமக்கே தெரியாமற் போயிற்று. கடல் ஒரு நிமிஷத்தில் அதனைத் தெரிவித்துவிட்டது.

அம்மாதமே நீச்சல் தடாகம் ஒன்றிற் சேர்ந்தோம். அங்கே பயிற்றுநராக நின்ற இளைஞன் எம்மைக் கண்டதும் கைகளைக் கட்டிக்கொண்டு, "சேர், நீங்களோ?" என்றான். பத்தாண்டுகளுக்கு முன் எம்மிடம் பௌதிகவியல் படித்த மாணவன். வகுப்பில் பின்வாங்கிலில் இருந்தவன், கணக்குகளில் தடுமாறியவன். அவன் முன்னே நீச்சலுடையில் நிற்பதற்கு எமக்கிருந்த கூச்சத்தை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். திரும்பிப் போய்விடலாமா என்றும் ஒரு கணம் எண்ணினோம்.

முதல் நாளில் அவன் எம்மை 25 மீற்றர் நீளமான அத்தடாகத்தில் ஒருமுறை நீந்திக் காட்டச் சொன்னான். எம்மால் இயன்ற வலிமையெல்லாம் செலுத்தி நீந்தினோம். அக்கரையை அடைந்தபோது விளிம்பைப் பற்றியவாறு பேசமுடியாது நின்றோம். அவன் அருகில் வந்து குந்தி இருந்து, "சேர், குறை நினையாதேங்கோ. நீங்கள் நீந்தேல்லை, தண்ணியோட சண்டை பிடிக்கிறியள்" என்றான்.

இதனை எமக்குச் சொல்லுவதற்கு ஒருவன் வேண்டியிருந்ததே என்பதுதான் வெட்கம். நீரின் அடர்த்தி காற்றினதைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்று இருபதாண்டுகளாக வகுப்பிற் சொல்லிவருகிறோம். பாய்பொருளில் இயங்கும் பொருளுக்கு ஏற்படும் தடை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்றும் கற்பித்து வருகிறோம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலுத்தவேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். ஆகவே, நீரில் முன்னேற விரும்புபவன் முதலிற் செய்யவேண்டியது பலத்தைக் கூட்டுவது அன்று, தடையைக் குறைப்பதே. கரும்பலகையில் எழுதிய இவ்வுண்மை எமது கைகால்களுக்கு எட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லுவது இதனைத்தான் போலும்.

முதல் வாரம் முழுவதும் எம்மை நீந்தவே விடவில்லை. நெஞ்சளவு நீரில் நின்று, முகத்தை நீருள் அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் மெதுவாகக் காற்றை வெளிவிடுவதும், தலையைத் திருப்பி மூச்சை உள்ளிழுப்பதுமே பாடம். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றிய இப்பயிற்சியே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நீரில் முகம் பட்டதும் மூச்சை அடக்கிக்கொள்வது இயல்பு. அவ்வாறு அடக்கும்போது உடலில் காபனீரொட்சைட்டுச் சேர்கிறது. மூச்சு முட்டுகிறதே என்னும் தவிப்பை எழுப்புவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அன்று, இவ்வாயுவின் மிகுதியே. அடக்கிய மூச்சை வெளிவிடுவதற்கும் புதிதாக இழுப்பதற்கும் தலை வெளியே வரும் அந்த அரைச் செக்கன் போதாது. ஆதலால் நீந்துபவன் நீருள்ளேயே மூச்சை விட்டு முடித்திருத்தல் வேண்டும். இது கைவந்த அன்று, எமது பயத்திற் பாதி நீங்கியது.

இரண்டாவது பாடம் மிதத்தல். மனித உடல் நீரிலும் சிறிதே வேறுபட்ட அடர்த்தியுடையது. நுரையீரல் காற்றால் நிரம்பியிருக்கும்போது பெரும்பாலானோர் மிதப்பர். எனினும் எல்லா உறுப்பும் ஒரேயளவாக மிதப்பதில்லை. காற்று நிறைந்த மார்பு மேலெழும். தசையும் எலும்பும் செறிந்த கால்கள் தாழும். மேலுதைப்பின் மையம் மார்புப் பக்கத்திலும், ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இடுப்புப் பக்கத்திலும் இருப்பதே காரணம். இத்தராசில் தலையும் ஒரு படிக்கல். நான்கு ஐந்து கிலோகிராம் நிறையுள்ள அதனை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தோமாயின், அதனைத் தாங்கிய மேலுதைப்பை இழக்கிறோம். இடுப்பும் கால்களும் அமிழ்கின்றன. நீட்டிக் கிடந்து ஒரு பலகைபோல நீரைக் கிழிக்கவேண்டிய உடல், சரிந்து நின்று மதில்போல அதனைத் தள்ளுகிறது. கேணியிலே நாம் பழகிய நிமிர்ந்த தலைதான் எமது கால்களைக் கீழே இழுத்த கல்!

"முன்னுக்குப் பாராதேங்கோ சேர். நிலத்தைப் பாருங்கோ" என்பதையே அவன் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லுவான். தலையைத் தளர்த்தி, கழுத்தை முதுகின் நேர்கோட்டில் விட்டு, தடாகத்தின் அடித்தளத்தைப் பார்த்தோம். கால்கள் தாமாகவே மேலே வந்தன. உதைக்காமலே கால்கள் மேலே கிடந்த அந்த உணர்ச்சி, வயது நாற்பத்தாறில் எமக்குப் புதிது.

மூன்றாவது பாடம் நீளுதல். ஒரு கை நீரை இழுத்துக்கொண்டிருக்க, மற்றக் கை முன்னே நீண்டு காத்திருத்தல் வேண்டும். உடல் தட்டையாகக் கிடவாது, ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கமாகச் சிறிது புரளவேண்டும். மூச்சுக்காகத் தலையைத் தூக்கலாகாது. புரளும் உடலோடு முகமும் திரும்ப, ஒரு கண் நீருள்ளும் ஒரு கண் வெளியிலுமாக இருக்கும்போது மூச்சை வாங்குதல் வேண்டும். கால்களை மூர்க்கமாக உதைப்பதும் பிழையே. தொடைத் தசைகள் உடலிற் பெரியவை. அவை ஒட்சிசனை மிகுதியாக உண்பவை. ஆனால் நெடுந்தூர நீச்சலில் உடலை முன்செலுத்துவதில் அவற்றின் பங்கு சிறிது. இடுப்பிலிருந்து எழும் மெல்லிய உதைப்பே போதும்.

எமது முன்னேற்றத்தை அளக்க அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கைவீச்சுகளையே எண்ணினான். 25 மீற்றரைக் கடக்க முதல் நாளில் 36 வீச்சுகள் எமக்குத் தேவைப்பட்டன. தடையைக் குறைத்துப் பழகப் பழக அது 30 ஆயிற்று, 26 ஆயிற்று, நான்காம் மாதத்தில் 22 ஆயிற்று. வீச்சுகள் குறைந்தபோது நேரம் கூடவில்லை என்பதே வியப்பு. முன்பு வீணாகச் சென்ற பதினான்கு வீச்சுகளும் நீரைக் கலக்கியதன்றி எம்மை நகர்த்தவில்லை.

இடையில் ஒரு தளர்ச்சி வந்ததையும் மறைக்கலாகாது. ஒன்றும் அறியாத குழந்தை ஒன்றைத்தான் கற்கவேண்டும். வளர்ந்தவனோ பழைய பழக்கத்தை மறக்கவும் வேண்டும், புதியதைக் கற்கவும் வேண்டும். மூன்றாம் வாரத்தில், களைப்பு வந்ததும் தலை மீண்டும் நிமிர்ந்தது. கைகள் மீண்டும் நீரை அறைந்தன. பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "மாமா, தலையைத் தூக்காதேங்கோ; கீழ பாத்தா லேசு" என்று சொல்லிவிட்டு மீனைப்போல அப்பாற் சென்றாள். வீட்டிலும் கல்லூரியிலும் எமக்கு எவரும் திருத்தம் சொல்லிப் பல ஆண்டுகளாகின்றன. சிறிது சுட்டது. ஆயினும் அவள் சொன்னபடி செய்தபோது சரியாயிற்று.

கற்பதற்குக் குறுக்கே நிற்பது வயதன்று, மதிப்பே என்று அன்று எண்ணினோம். இதற்கு நீச்சலின் வரலாறே சான்று. 1844 ஆம் ஆண்டில் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் இலண்டன் மாநகரில் நீந்திக் காட்டினர். கைகளை நீருக்கு மேலே மாறிமாறி வீசி, 130 அடி தூரத்தை 30 செக்கனில் ஒருவர் கடந்தார். தவளைபோல அமைதியாக நெஞ்சு நீச்சல் நீந்திய ஆங்கிலேயருக்கு அது ஆர்ப்பாட்டமாகவும் நாகரிகமற்றதாகவும் பட்டது. தம்மினும் விரைவாக நீந்துவதைக் கண்ணாரக் கண்டும் அவர்கள் அதனைக் கற்கவில்லை. 1875 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திய கப்டன் மத்தியு வெப், நெஞ்சு நீச்சலிலேயே 21 மணி 45 நிமிஷம் உழைத்துக் கரையேறினார். தென் அமெரிக்காவிற் கண்டு பழகிய கைவீச்சை ஜோன் திரட்ஜன் என்னும் ஆங்கிலேயர் 1873 இல் தம் நாட்டிற் காட்டினார். பின்னர் சொலமன் தீவில் பிறந்த அலிக் விக்கம் என்னும் சிறுவனின் நீச்சலிலிருந்து அவுஸ்திரேலியர் கற்றனர். இவ்வாறுதான் இன்று உலகெங்கும் நீந்தப்படும் முன்னோக்கு நீச்சல் உருவாயிற்று. நெடுந்தூரத்திற்கு அது உதவாது என்போரும் இருந்தனர். 1926 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆந் தேதி, கேர்ட்ரூட் எடர்லே என்னும் இருபது வயது அமெரிக்கப் பெண் அந்நீச்சலிலேயே ஆங்கிலக் கால்வாயைச் சுமார் பதினான்கரை மணித்தியாலத்திற் கடந்தார். அதற்கு முன் கடந்த ஆடவர் ஐவருள் மிக விரைந்தவரிலும் அவர் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் முந்தினார்.

வளர்ந்தபின் கற்றவருக்கும் உதாரணம் உண்டு. வங்காளத்தவரான மிகிர் சென் 1950 ஆம் ஆண்டில் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். கால்வாயை நீந்திய புளோரன்ஸ் சாட்விக் என்னும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் பத்திரிகையிற் படித்து, தாமும் அதனைச் செய்வதென உறுதிகொண்டார். அப்போது அவருக்கு முறையான நீச்சல் தெரியாது. அந்நகர்த் தடாகமொன்றில் தொடக்கத்திலிருந்து முன்னோக்கு நீச்சலைக் கற்றார். பலமுறை முயன்று தோற்று, 1958 ஆம் ஆண்டு செப்தெம்பர் 27 ஆந் தேதி 14 மணி 45 நிமிஷத்தில் கால்வாயைக் கடந்து, அதனைச் செய்த முதல் இந்தியரானார். 1966 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எமது தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக்கு நீரிணையையும் நீந்தினார்.

அந்நீரிணை எம்மவருக்கும் புதிதன்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டிலேயே அதனை நீந்திக் கடந்தவர். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டில் போகவும் வரவும் நீந்தி உலகை வியப்பித்தவர். அத்தகைய வீரரும் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். கடலை மதிக்காமலிருக்க எந்தத் திறமையும் எவருக்கும் உரிமை தருவதில்லை.

இனி, இவ்வனுபவத்தில் எமக்கு மிகவும் உறைத்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருநாள் பயிற்சி முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தர எங்கே கற்றாய் தம்பி என அவ்விளைஞனைக் கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டு, "வகுப்பிலதான் சேர். எனக்குக் கணக்கு வராது. வீட்டை போய் விடிய விடியச் செய்வன். எது பிழை எண்டு தெரியாதபடியால், அதே பிழையைத்தான் திருப்பித் திருப்பிச் செய்தனான்" என்றான்.

அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் நாம் எழுதியது எமக்கு நினைவிருந்தது. "முயற்சி போதாது" என்று எழுதியிருந்தோம். அவனுக்கும் அது நினைவிருந்திருக்கும், அவன் சொல்லவில்லை. தடாகத்தில் முதல் நாள் நாம் மூச்சிழந்து நின்றபோது, "இன்னும் முயலுங்கோ" என்று அவன் சொல்லியிருந்தால் எமது கதி என்னவாகியிருக்கும்? இன்னும் வலிதாக நீரை அறைந்திருப்போம்; இன்னும் விரைவாகக் களைத்து, இதற்கு நாம் லாயக்கற்றவர் என வீடு திரும்பியிருப்போம். அவனோ எமது உழைப்பைக் குறை கூறவில்லை. தலை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். நாம் அவனுக்கு அதனைச் செய்யவில்லை. அன்று அவனிடம் அதனைச் சொல்லி வருந்தினோம். "அது பறவாயில்லை சேர், நாளைக்கு நேரத்தோட வாங்கோ" என்று சொல்லி எழுந்தான். அதன்பின் எந்த மாணவனின் அறிக்கையிலும் அவ்விரண்டு சொற்களை நாம் எழுதவில்லை. அவன் எவ்விடத்தில் தடுமாறுகிறான் என்பதைக் கண்டுபிடித்து எழுத முயல்கிறோம். சில வேளைகளில் ஒரு மாணவனுக்கே அரைமணி நேரம் செல்கிறது. செல்லட்டும்.

நீந்தக் கற்க விரும்பும் பெரியோருக்குச் சில வார்த்தைகள். இதயநோய், வலிப்பு முதலியன உள்ளவர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். கால் எட்டும் நீரில், பயிற்றுநர் ஒருவரின் கண்முன்னே கற்றல் வேண்டும். தனியே நீரில் இறங்குதல் கூடாது. முதலில் மூச்சு, பின்னர் மிதப்பு, அதன்பின்னரே கைவீச்சு. பெண்பிள்ளைகளை இக்கல்வியிலிருந்து விலக்கிவைத்தல் பெரும் பிழை. நீர் ஆண் பெண் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுட் கால் பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வீட்டுக் கிணற்றுக்குக் கட்டும், கேணிக்கு வேலியும் இல்லாத பெற்றோர் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்களாக.

மாணவருக்கும் ஒன்று. ஒருவர் அமிழ்வதைக் கண்டால், எம்மைப்போலப் பாயாதீர்கள். பிறரைக் காக்கும் பயிற்சி வேறு. நீந்தத் தெரிவது வேறு. அமிழ்பவர் பற்றிப்பிடித்தால் நன்றாக நீந்துபவரும் மூழ்குவர். கூவி ஆட்களை அழையுங்கள். கயிறு, கம்பு, சேலை, மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்ரிக் கலன் எதுவாயினும் எறிந்து, கரையில் நின்றபடி இழுங்கள்.

இப்போது நாம் 25 மீற்றர்த் தடாகத்தைப் பதினாறு முறை, அதாவது 400 மீற்றரை, நில்லாது நீந்துகிறோம். விரைவு இல்லை, பத்து வயதுச் சிறுமி இன்றும் எம்மை முந்திச் செல்கிறாள். கரையேறும்போது பேசமுடிகிறது; அது போதும். இவ்வாண்டும் மாணவரை அதே கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்படி கேட்கிறார்கள். அழைத்துச் செல்வோம். இம்முறை வண்டியில் சோற்றுப் பொதிகளோடு நீண்ட கயிறு ஒன்றும், வெற்றுக் கலன்கள் இரண்டும் ஏறும். எமது பழைய மாணவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.